திருமயம் மேலிருந்து ஒரு கண்மாய்

சாக்கோட்டைப் பக்கம் மலை கிடையாது. கண்மாய்க்கரையே எங்களுக்கு மேடு. பிள்ளைகளோடு நாலு குடும்பம் சேர்ந்து ஏற வேண்டுமென்றால் காரைக்குடி வழியாகத் திருமயம்தான். 1687-இல் சேதுபதி மன்னர் எழுப்பிய கோட்டை. பாறையிலேயே படி வெட்டியிருக்கிறார்கள். ஆச்சிமார்கூட முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நின்று நின்று ஏறிவிடுவார்கள். காலையிலேயே போய்விட வேண்டும். பத்து மணிக்கு மேல் பாறை காலைச் சுடும். பாதி வழியில் பாறையைக் குடைந்த சிறு அறை, உள்ளே லிங்கம். இரும்பு ஏணியில் ஏறித்தான் பார்க்க முடியும். பிள்ளைகளுக்கு அதுதான் கோட்டையே. உச்சியிலுள்ள பீரங்கி அப்புறம்.

பெரியவர்களுக்கு உச்சியிலிருந்து தெரியும் கண்மாய். மழைக்குப் பிறகு போனால், கரை எங்கே வளைகிறது, மடைத் தண்ணீர் எந்த வயலுக்குப் பாய்கிறது என்று மேலிருந்தே சொல்லிவிடலாம். கீழே நின்றால் வெறும் தண்ணீர். மேலிருந்து பார்த்தால்தான் ஒரு ஊரின் கணக்கு தெரிகிறது. கோடையில் ஏறினால் கருவேலமும் வெடித்த மண்ணும்தான். அப்போதும் காற்று குறையாது.

புளியோதரையைக் கீழே இறங்கித்தான் பிரிக்க வேண்டும். மேலே குரங்குகள் இருக்கின்றன.