உறுமி மேளப் போட்டியும் அவையோர் கடமையும்

மேடையில் கலைஞன் தவறினால் அவையோர் ஊளையிடலாமா என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவார்க்கு நன்னடத்தையைப் பற்றிய சிறு வினாவாகவே தோன்றும். பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் "கூடாது" என்று உடனே விடை கூறுவர். அவ்விடை சரியானதே, ஆயினும் அது வினாவை முடித்து வைப்பதில்லை. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் இளைஞர் குழுக்களிடையே நடைபெறும் உறுமி மேளப் போட்டிகளை மனத்திற்கொண்டு எண்ணிப் பார்த்தால், இவ்வினாவில் அடங்கியிருப்பது நடத்தை மட்டுமன்று, திறனாய்வும் ஆகும் என்பது விளங்கும்.

உறுமி, இடை சிறுத்து இருமுகமும் தோல் போர்த்த முழவு. தோளிலிருந்து வாரால் தொங்கவிட்டு, ஒரு முகத்தை மெல்லிய குச்சியால் அடித்தும், மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்த்தும் வாசிப்பர். அத் தேய்ப்பில் எழும் உறுமலே அதற்குப் பெயராயிற்று. தோட்டத் தொழிலாளராகக் கடல் கடந்து வந்த தமிழர், சிறு கோயில்களையும் அவற்றின் வழிபாட்டு முறைகளையும் தம்மோடு கொணர்ந்தனர்; அவ்வழிபாட்டின் ஓசையாக இம்முழவும் இந்நாட்டில் நிலைபெற்றது. பத்துமலைத் தைப்பூசத்தில் காவடி எடுப்பாரை மலையடிவாரம் வரையிலும், அதற்கு மேலும் நடத்திச் செல்வது இவ்வோசையே. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மக்கள் நகர்ப்புறம் குடியேறிய பின்னர், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வளர்ந்த இளைஞர் இக்கலையைத் தமதாக்கிக்கொண்டனர்.

இக்கலையின் மீது குறைகூறலும் நெடுநாளாக உண்டு. திரைப்பாடல் மெட்டுகளை வழிபாட்டில் புகுத்துகின்றனர், ஆட்டம் எல்லை மீறுகின்றது என்று ஆலய நிருவாகங்களும் இந்து அமைப்புகளும் ஆண்டுதோறும் அறிவுரை கூறி வருகின்றன. உறுமிக் குழு என்றாலே குண்டர் கும்பல் என்று எண்ணிவிடுவாரும் உளர். இவற்றோடு பழைய சாதிக் கண்ணோட்டம் ஒன்றும் உடன் வந்தது. தவிலுக்கும் நாகசுரத்திற்கும் மங்கல இசை என்னும் மதிப்பைத் தந்த தமிழ்ச் சமுதாயம், பறைக்கும் உறுமிக்கும் அம்மதிப்பைத் தர நெடுங்காலம் மறுத்து வந்தது. ஆகவே உறுமியைத் தோளில் மாட்டிப் போட்டி மேடை ஏறும் பதினெட்டு வயது இளைஞன் முன்னரே ஓர் இழிபெயரைச் சுமந்துகொண்டு ஏறுகின்றான். அவனை நோக்கி எழும் ஊளை, வாசிப்பில் நேர்ந்த பிழையை மட்டும் சுட்டுவதாக அவன் காதில் விழுவதில்லை.

இருவகை அவைகள்

இதற்கு நேர்மாறான அவை ஒன்றும் இதே நகரத்தில் உண்டு. பிரிக்பீல்ட்ஸ், முன்னாளில் செங்கற் சூளைகளால் பெயர் பெற்று, இரயில்வேத் தொழிலாளர் குடியிருப்பாக வளர்ந்து, இன்று கலைகளுக்கும் இருப்பிடமாய் விளங்கும் பகுதி. 1981 ஆம் ஆண்டில் தோன்றிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்னும் கலை நிறுவனம் இங்கேதான் இயங்கி வருகின்றது. பரதமும் இசையும் பயின்ற பிள்ளைகள் அரங்கேறும் விழாக்கள் தலைநகரில் குறைவின்றி நிகழ்கின்றன. அத்தகைய விழாக்களில் ஊளை எழுவதில்லை; எழுதல் வேண்டும் என்று எவரும் கூறார். ஆனால் குறை ஒன்றும் அங்கே பேசப்படுவதில்லை என்பதும் கருதத்தக்கது. பெற்றோரும் உற்றாரும் நிறைந்த அவை, சிறப்பு விருந்தினர் பாராட்டுரை, மாலை, கரவொலி. தாளம் பிசகிய இடமும், அடவு தெளிவாக விழுந்த இடமும் ஒரே கரவொலியைப் பெறுகின்றன.

ஓர் அவை எல்லாவற்றிற்கும் கைதட்டுகின்றது. மற்றோர் அவை தன் குழுவிற்குக் கைதட்டி, எதிர்க்குழுவிற்கு ஊளையிடுகின்றது. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று முரணானவை போலத் தோன்றினும் அடிப்படையில் ஒன்றே. இரண்டிலும் கேட்டவர், தாம் கேட்டது இன்னது, அதன் நிறை இன்னது, குறை இன்னது என்று சொல்வதில்லை. முன்னது உறவின் ஒலி. பின்னது பகையின் ஒலி. கலையைப் பற்றிய கருத்து இரண்டிலும் இல்லை.

பழந்தமிழ் அவை

தமிழ் மரபு அவையோரைப் பற்றி எண்ணாமல் விட்டதில்லை. நல்லவை, தீயவை, நிறையவை, குறையவை என அவையை நால்வகைப்படுத்தியுள்ளனர் பழைய இலக்கண ஆசிரியர். பாடுவோன் மட்டுமன்றிக் கேட்போரும் குற்றமுடையராதல் கூடும் என்பது இப்பகுப்பின் உட்பொருள். தேர்வுக்கு உள்ளாவது மேடை ஒன்றே என எண்ணுவார்க்கு இஃது ஒரு நல்ல பாடம்.

திறனாய்வில் கடுமை நம் மரபில் இல்லாமற் போகவில்லை. தவறான கவி பாடியவரைக் குட்டியவர், காதை அறுத்தவர், தலையைக் கொய்தவர் என மூவரைச் சொல்லி, அன்னார் இன்று இல்லையே என ஏங்கும் பழைய தனிப்பாடல் ஒன்று உண்டு. இக் கதைகளை வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. கொண்டாட வேண்டுவதும் இல்லை. அவற்றின் எதிர்முனையில் நிற்பது சீத்தலைச் சாத்தனாரைப் பற்றிய கதை. குற்றமுள்ள பாட்டைக் கேட்கும்போதெல்லாம் அவர் எழுத்தாணியால் தம் தலையிலேயே குத்திக்கொண்டார் என்பர். பிழையைப் பொறாத உள்ளம் பிறரைத் தாக்காமல் தன்னையே வருத்திக்கொண்டது.

இவ்விரு முனைகளுக்கும் நடுவே நிற்பவர் இருவர். ஒருவர் அதங்கோட்டாசான். தொல்காப்பியம் அரங்கேறியபோது குற்றம் அறத் தெரிந்து கேட்டவர் அவர் என்று அந்நூற் பாயிரம் கூறும். மற்றவர் திருவிளையாடற் கதையில் வரும் நக்கீரர். இறைவன் பாட்டென்றும் பாராமல் குற்றம் உண்டென்றார். அதனோடு நில்லாமல், கூந்தலின் மணம் இயற்கையாகுமா என்னும் பொருளைப் பற்றியது அக்குற்றம் என்பதையும் எடுத்துரைத்தார். எதிர்வாதத்தைக் கேட்டு, தம் கருத்தினின்றும் வழுவாது நின்றார். அவரை அஞ்சாமைக்கு எடுத்துக்காட்டாகப் பலரும் போற்றுவர். அவர் காரணம் கூறியமையைப் போற்றுவார் சிலரே. கூட்டத்தின் நடுவே முகம் மறைத்து ஊளையிடுவோனிடம் நக்கீரரின் அஞ்சாமையும் இல்லை, அவர் காட்டிய காரணமும் இல்லை.

ஊளைக்குக் கூறப்படும் நியாயங்கள்

ஊளையிடுவோர் பக்கத்திலும் சில நியாயங்கள் உண்டு. அவற்றை ஒதுக்கிவிடுதல் முறையன்று. கைதட்டும் உரிமை உண்டாயின், மறுக்கும் உரிமையும் இருத்தல் வேண்டும். மறுக்க இயலாதவன் தரும் பாராட்டுக்கு மதிப்பில்லை என்பது முதலாவது. தெருக்கூத்தில் அவையோர் குரல் கொடுப்பதில்லையா என்பது இரண்டாவது. நடுவர் ஒருதலையாகத் தீர்ப்பளித்தால் கூட்டம் வேறு என்ன செய்யும் என்பது மூன்றாவது.

முதற்கூற்று உண்மையே. ஆனால் மறுப்பதற்கு ஊளை ஒன்றே வழியன்று. கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் ஆயிரம் பேரின் அமைதியைப் போலக் கலைஞனைச் சிந்திக்க வைப்பது பிறிதில்லை. மேலும், ஊளை கேட்கும் செவியையே கெடுக்கின்றது. அது எழுந்தவுடன் அடுத்த தாளக்கட்டு எவர் காதிலும் விழுவதில்லை. பிழை செய்தவன் அதன்பின் திருத்திக்கொண்டானா என்பதை அறியும் வாய்ப்பை அவை தானே இழந்துவிடுகின்றது.

இரண்டாம் கூற்றில் ஒரு வேறுபாடு மறக்கப்படுகின்றது. கூத்தில் கட்டியங்காரனுக்கு வாய் உண்டு. அவையிலிருந்து ஒரு சொல் வந்தால் அவன் இரண்டு சொல் திருப்பித் தருவான், அஃது உரையாடல். உறுமி வாசிப்பவனுக்கு அவ்வசதி இல்லை. அவன் கைகள் கட்டுண்டவை. கண்கள் குழுத்தலைவன் மீது நிலைத்தவை. திருப்பிச் சொல்ல இயலாதவனை நோக்கிக் கூவுதல் உரையாடல் ஆகாது.

இத்தாலியின் மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்கில், மேல்மாடத்து இரசிகர் ஊளையிடுவது நெடுநாளைய வழக்கம். 2006 டிசம்பரில் புகழ்பெற்ற பாடகர் ராபர்ட்டோ அலாக்னா, வெர்தியின் 'ஐடா' இசை நாடகத்தில் முதற் பாட்டு முடிந்தவுடன் எழுந்த ஊளையைப் பொறாமல் மேடையை விட்டு வெளியேறினார். மாற்றுப் பாடகர் நாடக உடையும் அணியாமல் மேடையேறிப் பாட நேர்ந்தது. உலகப் புகழும் பெரும் ஊதியமும் பெற்ற ஒருவரையே அவ்வொலி நிலைகுலையச் செய்தது. அமெரிக்காவில் பெரும் போட்டிகளாக நடைபெற்று வரும் முரசணி அணிவகுப்புகளிலும் இதே வினா எழுவதுண்டு; அங்கும் பங்கேற்போரில் பெரும்பாலோர் பள்ளி, கல்லூரிப் பருவத்தினரே. ஊதியம் பெறாமல், ஓய்வு நேரத்தைத் தந்து பயின்று வரும் இளைஞரை, ஊதியம் பெறும் கலைஞர்க்குரிய அளவாலும் அளத்தல் நேரிதன்று. அதனினும் கொடியதோர் அளவால் அளத்தல் எவ்வாறு நேரிதாகும்?

மூன்றாம் கூற்றே வலிமை வாய்ந்தது. போட்டிகளில் எழும் சினத்தின் பெரும்பகுதி வாசித்தவர் மீது எழுவதன்று. தீர்ப்பின் மீது எழுவது. ஆனால் அச்சினம் சென்று விழும் இடமோ வேறு. பரிசு அறிவிக்கப்படும்போது மேடையில் நிற்பவர் வென்ற குழுவினர். நடுவர் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பர். ஆதலின் நடுவர் மீதெழுந்த ஊளையைத் தலையில் ஏற்பவர், அத்தீர்ப்பில் பங்கில்லாத இளைஞர் ஆகின்றனர். தீர்ப்பின் காரணம் அறிவிக்கப்படாத வரையில் இக்கொடுமை தொடரவே செய்யும். எனவே "ஊளையிடாதீர்" என்று ஒலிபெருக்கியில் வேண்டுவதோடு அமைப்பாளர் கடமை முடிந்துவிடாது.

எதைக் கொண்டு அளப்பது?

காரணம் கூற வேண்டுமானால் அளவுகோல் வேண்டும். உறுமி மேளத்திற்கு ஏட்டிலக்கணம் ஏது என்று கேட்பார் உளர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை ஒருமுறை புரட்டினால் அவ்வையம் குறையும். ஆடலாசிரியன், இசையாசிரியன், குழலோன், யாழோன் ஆகியோரோடு தண்ணுமை முழக்குவோனுக்கும் இளங்கோவடிகள் தனியே இலக்கணம் வகுத்துள்ளார். அவன் ஆடலும் பாடலும் தாளமும் அறிந்திருத்தல் வேண்டும். பிற கருவிகளோடு இயைதல் வேண்டும். ஓசை குறையும் இடத்தை நிரப்பவும், மிகும் இடத்தை அடக்கவும் வல்லவனாதல் வேண்டும். இரண்டிலும் அளவு கடவாமை வேண்டும். முழவு வாசிப்பவனுக்கு அடக்கும் திறனையும் ஓர் இலக்கணமாக வைத்தது நோக்கத்தக்கது.

இவ்வளவுகோலை உறுமி மேளத்தின் மீது வைத்துப் பார்த்தல் இயலும். பத்துப் பேர் ஒன்றாக வாசிக்கும்போது தொடக்கமும் நிறுத்தமும் ஒரே அடியாக விழுந்தனவா? காலம் விரைந்தபோது அடிகள் தெளிவிழந்தனவா? தேய்ப்பொலி இழைந்து நீண்டதா, அல்லது விட்டுவிட்டுக் கீறியதா? பாடுவோன் குரல் எழும்போது முழவுகள் தாழ்ந்தனவா? திரைமெட்டை எடுத்தாண்டிருப்பின் அது முழவின் இயல்போடு பொருந்தியதா, வெறும் ஆரவாரத்திற்காக ஒட்டப்பட்டதா? இவ்வைந்து வினாக்களுக்கும் விடையளிக்கப் பெரும் புலமை வேண்டுவதில்லை. கூர்ந்து கேட்கும் செவி போதும். இவ்வினாக்களைக் கேட்கப் பழகிய இளைஞன், எதிர்க்குழு நன்கு வாசித்த இடத்தைத் தன்னையறியாமலே தலையசைத்து ஒப்புக்கொள்வான்.

ஆகவே கடமை மூவரைச் சாரும். போட்டி நடத்துவோர், மொத்த மதிப்பெண்ணை மட்டும் அறிவியாமல், தாளம், ஒருமைப்பாடு, நாதம், பொருத்தம் எனப் பகுத்த மதிப்பெண்களை அறிவித்தல் வேண்டும். நடுவருள் ஒருவர் ஒவ்வொரு குழுவின் நிறையையும் குறையையும் அனைவரும் கேட்கச் சில சொற்களால் எடுத்துரைத்தல் வேண்டும். தமிழாசிரியர்கள் அரங்கேற்று காதையை வகுப்பில் நடத்தும்போது, தண்ணுமையோன் பகுதியைப் பதவுரையோடு விட்டுவிடாமல், மாணவர் தம் குடியிருப்பில் நாள்தோறும் கேட்கும் முழவோசையோடு அதனை இணைத்துக் காட்டுதல் வேண்டும். இதழாளர், உறுமி மேளத்தைப் பற்றித் தைப்பூசக் காலத்துக் கண்டனமாக மட்டும் எழுதாமல், பரத அரங்கேற்றத்திற்குத் தரும் இடத்தில் ஒரு பகுதியையேனும் தந்து, வாசிப்பைக் கேட்டு எழுதுதல் வேண்டும்.

ஊளையிடுதல் தகாது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வூளை இளைஞரின் குணக்கேட்டினால் மட்டும் பிறந்ததன்று. இக்கலையைப் பற்றிக் காரணத்தோடு பேசக் கற்றோர் முன்வராமையால், பேசத் தெரியாதவர் தமக்குத் தெரிந்த ஒரே ஒலியை எழுப்பினர். அடுத்த போட்டியின் நடுவர் மேசையில் அமர அழைப்பு வரும்போது, "அது எமக்கு உரிய கலையன்று" என்று மறுக்காமல் தமிழாசிரியர் ஒருவர் சென்று அமர்வாராயின், கூச்சல் தணிவதற்கு அது நல்ல தொடக்கமாகும்.