நோட்டீசில் இருப்பவர்களும் நூலில் இல்லாதவர்களும்: பழனி மலைப்பகுதியும் ‘வள்ளி திருமணம்’ இசைநாடகத்தின் ஆக்கக் குழுவும்

ஆய்வுச்சுருக்கம்

சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ தமிழ் நாடக வரலாறுகளில் ஓர் ஆசிரியரின் பனுவலாகவே பெரிதும் மதிப்பிடப்படுகிறது. கோயில் விழாக்களில் அது ‘ஸ்பெஷல் நாடகம்’ என்னும் வடிவில் நிகழும்போது, நூலில் பெயர் பெறாத நடிகர்களும் இசைக்கலைஞர்களும் அதன் ஆக்கத்தில் பங்கேற்கின்றனர். அவர்களின் பங்கை மதிப்பிடத் தமிழ் நாடகத் திறனாய்வு இன்னும் உரிய அளவுகோலை வகுத்துக்கொள்ளவில்லை. நாடக நோட்டீசை ஓர் ஆய்வு ஆவணமாகக் கொண்டு, முருக வழிபாட்டின் மையமான பழனி மலைப்பகுதியைப் பின்புலமாக நிறுத்தி, இவ்விசைநாடகத்தின் ஆக்கக் குழுவை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இசைநாடகம், ஸ்பெஷல் நாடகம், சங்கரதாஸ் சுவாமிகள், வள்ளி திருமணம், ஆர்மோனியம், பழனி, கொடைக்கானல்

முன்னுரை

மேலை நாட்டு ஆப்ராவுக்கு நிகரான தமிழ் வடிவம் எது என்னும் வினா எழும்போதெல்லாம் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) இசைநாடகங்கள் சுட்டப்படுகின்றன. பாடலே கதையை நடத்துவதும், உரையாடல் பாடலுக்குப் பாலமாக அமைவதும் இவ்வொப்பீட்டுக்கு இடமளிக்கின்றன. ஆனால் ஒப்பீடு பெரும்பாலும் வடிவத்தோடு நின்றுவிடுகிறது. ஆப்ரா பற்றிய திறனாய்வில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர், இசைக்குழுவை நடத்துபவர், நெறியாளர் ஆகியோர் தனித்தனியே மதிப்பிடப்படுகின்றனர். தமிழ் இசைநாடகத்தைப் பற்றி எழுதும்போது நாம் ஆசிரியரோடு தொடங்கி ஆசிரியரோடு முடிக்கிறோம். புகழ்பெற்ற நடிகர் ஓரிருவரின் பெயர் இடையில் வந்து போகிறது.

பழனி மலைப்பகுதி இவ்வாய்வுக்குப் பொருத்தமான களமாவதற்கு இரு காரணங்கள் உள்ளன. முதலாவது, வரலாற்றுத் தொடர்பு. சங்கரதாஸ் சுவாமிகள் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றவர். பழனிக்கு மேற்கே உடுமலை வட்டாரத்துப் பூளவாடியில் பிறந்த உடுமலை நாராயணகவி (1899–1981), முத்துசாமிக் கவிராயரிடம் பயின்று, நாடக மேடை வழியாகவே திரைப்பாடலுக்கு வந்தார். மேடைக்குப் பாடல் எழுதும் கல்வி ஆசிரியர், மாணவர் வழியாகக் கைமாறி வந்த நிலப்பகுதி இது. இரண்டாவது, இந்நாடகத்தின் தலைவன் இம்மலைத்தொடரின் கடவுள். பார்வையாளர் தாம் வழிபடும் தெய்வத்தின் காதலையே மேடையில் காண்கின்றனர்.

நூலும் நோட்டீசும்

‘வள்ளி திருமணம்’ நமக்கு இரு ஆவணங்களின் வழியே கிடைக்கிறது. ஒன்று அச்சு நூல். அதில் ஆசிரியர் பெயரும் பாத்திரங்களின் பெயர்களும் உள்ளன. மற்றொன்று, நாடகம் நிகழவிருக்கும் ஊரின் சுவர்களில் ஒட்டப்படும் நோட்டீசு. அதில் விழாவின் பெயர், நாள், இடம் ஆகியவற்றோடு கலைஞர்களின் நிழற்படங்களும் பெயர்களும் ஊர்களும் இடம்பெறுகின்றன. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் என ஒவ்வொருவரின் பொறுப்பும் குறிக்கப்படுகிறது. நூல் ‘யார் எழுதியது’ என்னும் வினாவுக்கும், நோட்டீசு ‘இன்றிரவு யார் ஆக்கப்போவது’ என்னும் வினாவுக்கும் விடை தருகின்றன.

பல்கலைக்கழக நூலகங்கள் முதல் ஆவணத்தைப் பாதுகாத்துள்ளன. இரண்டாம் ஆவணம் விழா முடிந்ததும் மழையில் கரைகிறது. தமிழ் நாடக ஆய்வின் சாய்வை இவ்வேறுபாடே உருவாக்கியுள்ளது எனலாம். சங்கரதாஸ் சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்த செய்தி நாடக வரலாற்றில் மீண்டும் மீண்டும் கூறப்படுகிறது. அவர் எழுதிய நாடகங்களை இரவுதோறும் ஆக்கியவர்களைப் பற்றி அத்தகைய செய்திகள் மிகக் குறைவு.

ஒத்திகையற்ற கூட்டாக்கம்

1918 இல் மதுரையில் தொடங்கப்பட்ட தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களுக்குப் பயிற்சி அளித்தார். டி. கே. சண்முகம் உள்ளிட்ட டி.கே.எஸ். சகோதரர்கள் அச்சபையில் உருவானவர்கள். பாய்ஸ் கம்பெனி முறையில் நடிகர்கள் ஒரே இடத்தில் தங்கினர். வாத்தியாரின் கண்காணிப்பில் பாடம் செய்தனர். ஒத்திகைக்குப் பின்னரே மேடையேறினர். மேடையில் நடிகர்கள் தம் விருப்பம்போல் பேசிவந்த நிலையை எழுதப்பட்ட பாடத்தால் ஒழுங்குபடுத்தியது சுவாமிகளின் பெரும்பணியாகும்.

ஸ்பெஷல் நாடகம் இதிலிருந்து முற்றிலும் வேறுபட்ட அமைப்பு. இங்குக் கம்பெனி இல்லை. ஒவ்வொரு கலைஞரும் ஓர் இரவுக்கென்று தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்படுகிறார். அவ்வாறு ‘ஸ்பெஷலாக’ அழைக்கப்படுவதாலேயே இப்பெயர் அமைந்தது. மதுரையிலிருந்து ஒருவரும் புதுக்கோட்டையிலிருந்து ஒருவரும் திண்டுக்கல்லிலிருந்து ஒருவருமாக வந்து சேர்கின்றனர். ஒத்திகையும் நெறியாளரும் இல்லாமலே நாடகம் இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியற்காலை வரை தொய்வின்றி நடைபெறுகிறது.

இது எவ்வாறு இயலுகிறது என்பதே திறனாய்வின் முதல் வினாவாக இருக்க வேண்டும். மூன்று அடுக்குகளைப் பிரித்துக் காண்பது இதற்கு உதவும். முதலாவது பனுவல் அடுக்கு: சுவாமிகளின் பாடல்கள், காட்சி வரிசை. இரண்டாவது மரபு அடுக்கு: நூலில் எழுதப்படாமல் கலைஞர்களிடையே வழங்கும் பொது அறிவு. வள்ளி ஆலோலம் பாடும் காட்சியை எவ்வளவு நீட்டலாம், நாரதர் எந்த வினாவோடு தர்க்கத்தைத் தொடங்குவார் என்பன இதில் அடங்கும். மூன்றாவது நிகழ்த்து அடுக்கு: அந்த இரவில், அந்த எதிர்நடிகரோடு, அந்த அவையின் முன் எடுக்கப்படும் தீர்மானங்கள்.

தர்க்கக் காட்சிகளில் இம்மூன்றும் தெளிவாகப் புலப்படுகின்றன. கச்சியப்பரின் கந்தபுராணத்தில் வள்ளியம்மை திருமணப் படலம் நாரதருக்கு இடம் அளித்திருப்பினும், வள்ளிக்கும் நாரதருக்கும் இடையிலான வாதம் மேடையில் தனியொரு நிகழ்வாக வளர்ந்துள்ளது. வேடனாக வரும் முருகனுக்கும் வள்ளிக்கும் இடையிலான வாதமும் அவ்வாறே. ஒருவர் எழுப்பும் வினாவுக்கு மற்றவர் பாட்டாலோ பேச்சாலோ விடையிறுக்க வேண்டும். விடை தெரியாதவர் அவையின் முன் தோற்பார். இங்கு ஸ்திரீபார்ட் நடிகை ஆசிரியரின் சொற்களை ஒப்புவிப்பவராக மட்டும் இருந்தால் நாடகம் நடைபெறாது. அவர் புலமையும் விரைவும் உடையவராக இருந்தால்தான் வள்ளி என்னும் பாத்திரம் நிலைபெறுகிறது.

பெயரற்ற நெறியாளர்

நெறியாளர் இல்லை என்று மேலே கூறப்பட்டது. அப்பணி இல்லை என்பது அதன் பொருளன்று. மேடையின் பக்கவாட்டில் அமர்ந்திருக்கும் ஆர்மோனியக் கலைஞர் சுருதி கொடுக்கிறார், பின்பாட்டுப் பாடுகிறார், நடிகர் அடியை மறந்தால் எடுத்துக் கொடுக்கிறார், காட்சி தளரும்போது அடுத்த பாடலின் தொடக்கத்தை வாசித்து நகர்த்துகிறார். ராஜபார்ட்டின் குரலுக்கு உகந்த கட்டை ஸ்திரீபார்ட்டுக்கு உகந்ததாக இருக்க வேண்டியதில்லை. முன்பின் சேர்ந்து பாடியிராத இரு குரல்களை ஒரே காட்சியில் இணைக்கும் பொறுப்பு அவருடையது. மிருதங்கமும் ஆல்ரவுண்டும் அடிகளுக்கும் அசைவுகளுக்கும் உடனுக்குடன் ஒலி வடிவம் தருகின்றன. ஆப்ராவில் இசைக்குழுவை நடத்துபவர் செய்யும் பணி, இங்கு வாசித்தபடியே செய்யப்படுகிறது.

இக்கலைஞர் திறனாய்வின் கண்ணில் படாமல் போனதற்கு அவருடைய கருவியின் மதிப்பும் ஒரு காரணம். கமகங்களுக்குப் பொருந்தாத அயற்கருவி என்னும் வாதத்தின் விளைவாக 1940 இல் அனைத்திந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியது. அத்தடை பல ஆண்டுகள் நீடித்தது. செவ்வியல் இசையின் அளவுகோலால் தாழ்த்தப்பட்ட ஒரு கருவியே தமிழ் இசைநாடகத்தின் முதுகெலும்பாக விளங்கியது. இசை ஆய்வாளர் அதை நாடகத்தினுடையது என்று விட்டனர். நாடக ஆய்வாளர் இசையினுடையது என்று விட்டனர்.

பொற்காலக் கதையாடலும் இழிவும்

இசைநாடக வரலாறு பெரும்பாலும் எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் இணையைச் சிகரமாகவும் பின்னதை வீழ்ச்சியாகவும் சித்திரிக்கிறது. கிட்டப்பா 1933 இல் இருபத்தேழாம் வயதில் மறைந்தார். சுந்தராம்பாள் 1935 இல் வெளிவந்த ‘நந்தனார்’ திரைப்படத்தில் தலைமை ஆண் பாத்திரத்தையே ஏற்றார். 1965 இல் ‘திருவிளையாடல்’ படத்தில் பழனித் தலக்கதையை ஒளவையாராகப் பாடினார். ஒலிவாங்கியின் துணையின்றிப் பேரவையின் கடைசி வரிசையை எட்டப் பயின்ற மேடைக்குரலைத் தமிழ்நாட்டின் பெரும்பகுதி திரையின் வழியே கேட்டது. இச்சாதனைகள் ஐயத்திற்கு அப்பாற்பட்டவை. ஆனால் இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பதிவானவர்களே சிகரம் என்று கொள்ளும்போது, பதிவாகாத ஆயிரக்கணக்கான இரவுகள் மதிப்பீட்டிற்கே வராமல் போகின்றன.

வீழ்ச்சிக்குச் சான்றாகப் பெரிதும் காட்டப்படுவது பபூனும் டான்ஸ் கலைஞரும் நிகழ்த்தும் முற்பகுதி. சூசன் சைசர் 2005 இல் வெளியிட்ட, தமிழ் மேடையின் களங்கங்களைப் பற்றிய ஆங்கில நூல் இப்பகுதியை விரிவாக ஆராய்கிறது. ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள், குறிப்பாக நடிகைகள், சுமக்கும் இழிவையும், பயணங்களில் தம்மைக் குடும்பப் பெண்களாகக் காட்டிக்கொள்ள அவர்கள் மேற்கொள்ளும் முயற்சிகளையும் அந்நூல் பதிவு செய்கிறது. நள்ளிரவுக்குப் பின் அவை கைகூப்பும் வள்ளியாக நிற்பவரே, விடிந்ததும் பேருந்து நிலையத்தில் தம் தொழிலை மறைக்க நேர்கிறது. நூலை மட்டும் படிக்கும் ஆய்வு இம்முரணைக் காண இயலாது.

முற்பகுதியின் கொச்சைத்தன்மையை இக்கட்டுரை போற்றவில்லை. ஆயினும் அமைப்பு நிலையில் அதற்கோர் இடமுண்டு. தெருவில் நிகழும் ஆண், பெண் சந்திப்பை அது கேலியாகக் காட்டுகிறது. அதே சந்திப்பு பின்னர்த் தினைப்புனத்தில் தெய்வக் காதலாக நிகழ்கிறது. முன்னதை நீக்கினால் பின்னது ஒப்புமையை இழக்கும்.

மலையும் திரைச்சீலையும்

பழனி மலைமேல் முருகன் தண்டேந்திய ஆண்டிக் கோலத்தில் தனித்து நிற்கிறான். வள்ளி, தெய்வானையரோடு கூடிய திருக்கல்யாணம் தைப்பூச விழாவில் அடிவாரத்து ஊர்க்கோயிலான பெரியநாயகியம்மன் கோயிலில் முத்துக்குமாரசுவாமிக்கு நிகழ்கிறது. துறவும் மணமும் ஒரே தலத்தில் மலையென்றும் ஊரென்றும் பிரிந்து அமைந்துள்ளன. இதே மலைத்தொடரின் உச்சியில், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில், 1936 இல் எழுந்தது குறிஞ்சி ஆண்டவர் கோயில். இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியாரும் வெளிநாட்டில் பிறந்து சைவம் தழுவியவருமான லீலாவதி அம்மையார் அதை எழுப்பினார். தொல்காப்பியம் குறிஞ்சிக்கு வகுத்த தெய்வத்தை, பன்னிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை பூக்கும் மலரின் பெயரால் அக்கோயில் மீண்டும் மலைக்கு உரியவனாக்கியது.

இவ்வழிபாட்டுச் சூழலில் வளர்ந்த பார்வையாளரின் முன் ‘வள்ளி திருமணம்’ நிகழும்போது, ஆண்டியாக அறியப்பட்டவன் வேடனாகவும் கிழவனாகவும் வேடமிட்டு ஒரு பெண்ணிடம் வாதிட்டுத் தடுமாறுகிறான். தொன்மக்கதை நிகழ்வது தொண்டை நாட்டு வள்ளிமலையில் என்றாலும், காண்போர் தம் மலையையே உள்ளத்தில் கொள்ள இடமுண்டு. இத்தெய்வத்தை அவையோர் ஏற்கும் வகையில் இறக்கிக் காட்டுவதும், நகைப்பு எல்லை மீறாமல் மீட்டு உயர்த்துவதும் ராஜபார்ட் நடிகரின் பொறுப்பு. அந்த அளவை நூல் தருவதில்லை. அவையறிந்த கலைஞரே தீர்மானிக்கிறார். ஆகவே பார்வையாளரும் நிகழ்த்து அடுக்கின் ஓர் உறுப்பாகின்றனர்.

இங்கு ஒரு குறையையும் சுட்ட வேண்டும். வள்ளி மலைக்குறவர் மகள். மேடையிலோ மலை, வண்ணம் தீட்டிய திரைச்சீலையாகவே இருக்கிறது. பழனி மலைகளில் வாழும் பளியர் முதலான பழங்குடியினரின் இசையோ குரலோ இந்நாடக மரபில் இடம்பெறவில்லை. ஆக்கக் குழுவை விரிவாகக் காணும் பார்வை, அக்குழுவிற்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களையும் காண வேண்டும்.

ஓர் எதிர்வாதம்

கலைஞர்கள் திரைப்பாடல்களையும் தமக்குப் பழகிய கீர்த்தனைகளையும் இடைச்செருகுவதை ஆக்கம் என்று கொள்ளலாமா என்னும் வினா எழும். 17, 18 ஆம் நூற்றாண்டுகளின் இத்தாலிய ஆப்ராப் பாடகர்கள் தமக்குப் பெயர் தந்த பாடல்களைப் பயணப் பெட்டியில் எடுத்துச் சென்று எந்த நாடகத்திலும் செருகிப் பாடினர். அதை நெடுங்காலம் ஒழுங்கின்மை என்று கருதிய ஆப்ரா ஆய்வு, இன்று பாடகரின் ஆக்கப்பங்காகவும் ஆராய்கிறது. எனினும் எல்லாச் செருகலும் ஒரே தரத்தன அல்ல. செருகிய பாடல் தர்க்கத்தின் போக்கை முன்னெடுக்கிறதா, கைத்தட்டலுக்காக அதை நிறுத்துகிறதா என்பதே அளவுகோலாக வேண்டும். மூவடுக்குப் பகுப்பு இத்தகைய மதிப்பீட்டிற்கு வழி செய்கிறது. எல்லாவற்றையும் புகழ்வது கலைஞரை மதிப்பதாகாது. அவர் செய்ததை இன்னதென்று பிரித்தறிந்து மதிப்பிடுவதே திறனாய்வின் கடன்.

முடிவுரை

‘வள்ளி திருமணம்’ சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகம் என்னும் கூற்று உண்மை; அது முழுமையான உண்மையன்று. கம்பெனி ஒழுங்கிற்காக அவர் யாத்த பாடம், கம்பெனி மறைந்த பின்னரும் தனித்தனிக் கலைஞர்களை ஓர் இரவு இணைக்கும் உடன்படிக்கையாகச் செயல்படுகிறது. அவ்வுடன்படிக்கையை நாடகமாக்குவோர் நோட்டீசில் உள்ள கலைஞர்களே.

இதிலிருந்து மூன்று பணிகள் உடனடியாகப் புலப்படுகின்றன. நாடக நோட்டீசுகளை நாள், ஊர், கலைஞர் விவரங்களோடு தொகுத்து எண்ணிமப்படுத்த வேண்டும். முதிய ஆர்மோனியக் கலைஞர்களிடமும் ஸ்திரீபார்ட் நடிகையரிடமும் மரபு அடுக்கைச் சார்ந்த அறிவை வாய்மொழியாகப் பதிவு செய்ய வேண்டும். தம் பெயர் வெளிவருவதை விரும்பாத நடிகையரின் முடிவை அதில் மதிக்க வேண்டும். பாடத்திட்டத்தில் இந்நாடகத்தை வைக்கும் துறைகள் நூலோடு ஒரு நிகழ்த்துதலின் பதிவையும் பாடமாக்க வேண்டும். நூல் நம்மிடம் பத்திரமாக இருக்கிறது. மரபு அடுக்கோ முதிய கலைஞர்களின் நினைவில் மட்டும் உள்ளது. காலத்தாழ்வை அது பொறுக்காது.