மெய்ப்பாடும் மருந்தும்: பதகளிப்பு நோய்க்கு ஒருங்கிணைந்த சிகிச்சை பற்றியோர் ஆய்வு

அச்சம் உயிர்க்கெல்லாம் பொதுவாயதோர் உணர்ச்சி. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே அதனை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, அது தோன்றும் நிலைக்களன்கள் நான்கு என வகுத்தார். வருத்தும் தெய்வம், கொடிய விலங்கு, கள்வர், அரசர் என்பன அவை. இந்நான்கும் அஞ்சுவோனுக்குப் புறத்தே நிற்பன. இன்னதென்று சுட்டிக் காட்டத்தக்கன. புலி அகன்றால் நடுக்கமும் அகலும். ஆயின், புலி அகன்று ஆண்டு பல கழிந்த பின்னும் நடுக்கம் அகலாதிருப்பின், அன்றிப் புலியே வாராதிருக்கவும் நாடோறும் நெஞ்சு பதைக்குமாயின், அதனை யாதென்பது? அதனையே ஈழநாட்டு உளமருத்துவர் பதகளிப்பு என வழங்குவர்.

இந்நோய்க்கு ஒருங்கிணைந்த சிகிச்சை வேண்டும் என்னும் கருத்து அண்மைக் காலத்தில் வைத்தியர், தாதியர், குடும்பநல உத்தியோகத்தர் ஆகியோரிடையே பெரிதும் பேசப்படுகின்றது. மருந்து, உளவளத்துணை, யோகாசனம், மூச்சுப் பயிற்சி, சித்த வைத்தியம், வழிபாடு என்பன ஒன்றோடொன்று கைகோத்துச் செல்லவேண்டும் என்பது அக்கருத்தின் சாரம். கேட்பதற்கு இனிய கருத்தே. எனினும், ஒருங்கிணைத்தல் என்பது யாது என்னும் வினாவுக்கு அதனைப் போற்றுவோர் பலர் தெளிவான விடை தருகின்றாரில்லை. பலவற்றை ஒரு பட்டியலில் அடுக்குதல் கூட்டலேயன்றி இணைத்தல் ஆகாது. இவ்வேறுபாட்டைப் புத்தளக் கரையோர மக்களின் நிலையை முன்வைத்து ஈண்டு ஆராய்வாம்.

சிலாபம் முதற் கற்பிட்டி முனை வரையுள்ள இக்கரையிலே சைவர், இசுலாமியர், கத்தோலிக்கர், பௌத்தர் என்போர் அயலயலே வாழ்கின்றனர். முன்னேசுவரமும், உடப்பிலே திரௌபதை அம்மன் ஆலயமும், தலவிலவிலே அன்னம்மாள் தேவாலயமும் இக்கரையின் பெயர்பெற்ற தலங்கள். நெஞ்சு பதைத்து நித்திரையிழந்த ஒருவர் இங்கு ஒரு வழியை மட்டும் நாடுவாரல்லர். காலையில் அரசினர் வைத்தியசாலையில் மாத்திரை பெறுவர். மாலையில் பரிகாரியாரிடம் சூரணம் பெறுவர். வெள்ளிக்கிழமை நேர்த்தி வைப்பர். நூல் கட்டுவோரையும் ஓதுவோரையும் நாடுவர். ஆகவே, சிகிச்சைகளை ஒன்றுசேர்க்கும் செயலை நோயாளர் முன்னரே செய்துவிட்டனர். ஒருவர் கொடுப்பதை மற்றவர் அறியாமையே இங்குள்ள குறை. இக்குறையை நீக்காது புதிய முறைகளை மேலும் சேர்ப்பதனாற் பயன் விளையாது.

இனி, இக்கரையில் நிகழ்ந்த ஓர் ஆய்வினை நோக்குவோம். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரிலே வட மாகாண முசுலிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தாருக்கு இரண்டு மணி நேர அவகாசமே கொடுக்கப்பட்டது. அங்ஙனம் வந்தோருட் பெரும் பகுதியினர் புத்தளம் மாவட்டத்திலே குடியேறினர். இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடப்பெயர்வின் பின்னர் அவர்தம் உளநலத்தை வைத்தியர் செஸ்மல் சிறிவர்தனவும் அவருடன் சேர்ந்தோரும் ஆராய்ந்து 2013இல் முடிவினை வெளியிட்டனர். வளர்ந்தோர் 450 பேரை வினவியதில், நூற்றுக்கு 18.8 பேரிடம் பொதுவாகக் காணப்படும் உளநோய்களுள் ஏதேனும் ஒன்று இருந்தது. அவற்றுட் பதகளிப்பு நோய் எனக் கணிக்கப்பட்டது 1.3 வீதம் மாத்திரமே. உடல் நோவாக வெளிப்படும் உளநோயோ 14 வீதம்.

இவ்விரு எண்களையும் மேலெழுந்தவாரியாக நோக்குவோர், இம்மக்களிடையே பதகளிப்பு அருகியே உள்ளது என்று முடிவு கட்டுவர். அம்முடிவு பொருந்துவதன்று என்பது எமது கருத்து. அவ்வாய்வில் வழங்கிய வினாக்கொத்து மேலைநாட்டிலே ஆக்கப்பட்டது. மனத்தின் கலக்கத்தை ஒரு பகுதியிலும் உடலின் நோவை வேறொரு பகுதியிலும் வைத்து வினவுவது. நம்மவரோ இரண்டையும் அங்ஙனம் பிரித்துரைக்கும் வழக்கமுடையவரல்லர். "நெஞ்சு பதைக்குது, தலை விறைக்குது, கைகால் சோருது" என்னும் மொழிகளிலே உடலும் உண்டு, மனமும் உண்டு. உள்ளத்து நிகழ்வு உடலின்வழிப் புலப்படுதலை மெய்ப்பாடு என ஒரு சொல்லால் உணர்த்திய மரபு நம்முடையது. எனவே, அந்த 14 வீதத்தினுள் அச்சத்தின் மெய்ப்பாடும் ஒரு பங்கு இருத்தல் கூடும் என ஐயுறுதற்கு இடமுண்டு. அவ்வாய்வினைப் பழித்தற்கு இது கூறினேமல்லேம். 14 என்னும் எண்ணை நமக்கு ஈந்ததே அவ்வாய்வுதான். எண்ணை வாசிக்கும் முறையே ஈண்டுக் கருதற்பாலது.

இதற்கு மறுதலையான தவறும் உண்டு. உடல் நோவு யாவும் மனத்தின் விளைவே எனத் துணிதல் அதனினும் கொடிது. தைரொயிட் சுரப்பி மிகையாகச் சுரப்பினும், இரத்தச்சோகை இருப்பினும், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறினும் நெஞ்சு பதைக்கும். இவற்றைச் சோதியாது "மனப்பயந்தான்" என்று அனுப்பிவிடுதல் முறையன்று. மொழியும் ஒரு தடையாகும். நெஞ்சு பதைக்கின்றது என்று தமிழில் உரைத்தது மொழிபெயர்ப்பிலே நெஞ்சு நோகின்றது என்றாகுமாயின், இதயத்துக்கு மாத்திரம் சோதனை நடக்கும். "ஒன்றுமில்லை" என்னும் விடை வரும். நோயாளர் நோயோடு மீள்வர். ஆதலின் நோயாளரின் சொல்லை அவர் சொன்னவாறே எழுதிவைத்தல் சிகிச்சையின் முதற்படியாம்.

சிகிச்சை முறைகளைத் தனித்தனியே நிறுத்துப் பார்த்தலும் வேண்டும். அமெரிக்காவிலே 226 பேரைக்கொண்டு நடத்திய ஓர் ஆய்வில், அறிகை நடத்தைச் சிகிச்சை பெற்றோருள் 70.8 வீதத்தினரும், குண்டலினி யோகப் பயிற்சி பெற்றோருள் 54.2 வீதத்தினரும், மன அழுத்தம் பற்றிய கல்வி மாத்திரம் பெற்றோருள் 33 வீதத்தினரும் நலங்கண்டனர். யோகம் பயனற்றதெனக் கூறுவார்க்கும், அதுவே போதும் எனக் கூறுவார்க்கும் இவ்வெண்கள் ஒருங்கே விடையளிக்கின்றன. 2022இல் வெளியான பிறிதோர் ஆய்வில், எட்டு வாரத் தியானப் பயிற்சி எஸ்சிட்டலோபிராம் என்னும் மருந்துக்குத் தாழாத பயனளித்தமை காணப்பட்டது. அப்பயிற்சி தேர்ந்த ஆசிரியரால் ஒழுங்காக நடத்தப்பட்டது என்பதனை மறத்தலாகாது. "மூச்சை இழுத்து விடுங்கள்" என்று வாயிலில் நின்று ஒரு சொல் கூறுதல் அதற்கு ஈடாகாது.

உலக சுகாதார தாபனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டலும் ஏறத்தாழ இந்நெறியினதே. அறிகை நடத்தை முறையிலமைந்த குறுகிய உளச்சிகிச்சையை அது முதன்மையாக வைக்கின்றது. தேவை நோக்கி எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்துகளையும், தளர்வுப் பயிற்சியையும், உடற்பயிற்சியையும் ஏற்கின்றது. டயசிபாம் முதலிய மருந்துகளைப் பதகளிப்பு நோய்க்கு நெடுங்காலம் கொடுத்தலை அது ஏற்பதில்லை. உண்டவுடன் அமைதி தரும் அம்மாத்திரை, நாட்செல்ல விடமுடியாத பழக்கமாகும் இயல்பினது.

நம் மருந்து என்னும் பற்றும் ஆய்வைத் தடுத்தலாகாது. சித்த வைத்தியர் வழங்கும் அமுக்கரா பதகளிப்பைத் தணித்தல் கூடும் எனச் சிற்றாய்வுகள் சில காட்டுகின்றன. அதே அமுக்கராவை உண்டோருட் சிலருக்கு ஈரல் பழுதுற்றமையும் பதிவாகியுள்ளது. டென்மார்க்கு நாடு 2023இல் அதனைத் தடைசெய்தது. கருவுற்ற மாதரும் தைரொயிட் நோய்க்கு மருந்துண்போரும் அதனைத் தாமாக உட்கொள்ளுதல் தகாது. ஆகவே, "ஐயா, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள்?" என்று கடிந்துகொள்ளாத குரலில் வினவுதல் தாதியின் கடமைகளுள் ஒன்றாம். கடிந்து வினவினால் நோயாளர் மறைப்பர். மறைத்தவிடத்து இணைப்பு இல்லை.

வழிபாட்டின் இடம் யாது? உடப்பிலே ஆடி மாதத்தில் விரதங்காத்துத் தீமிதிப்போரை நோக்குமின். அஞ்சத்தக்கதொன்றை ஊரார் சூழ நின்று எதிர்கொள்ளும் செயல் அது. தனிமையும் ஒதுங்குதலும் பதகளிப்பை வளர்ப்பன. கூட்டமும் ஒழுங்கும் அதனைத் தணித்தற்குத் துணையாவன. எனினும் வழிபாட்டைச் சிகிச்சை என்று பெயரிட்டு மருந்துச்சீட்டிலே எழுதுதல் இரண்டிற்கும் இழுக்காம். நோயாளர் தாமே கைக்கொண்டிருப்பின் அதனை மதித்தலும், அதன்பொருட்டு மருந்தை நிறுத்தாவண்ணம் எடுத்துரைத்தலும் போதியன.

இறுதியாக ஒன்று. மேற்கூறிய புத்தள ஆய்விலே உளநோயோடு தொடர்புடையனவாகக் கண்டவை வேலையின்மை, துணையை இழத்தல் அல்லது பிரிதல், உணவுக்கு உறுதியின்மை என்பன. இவற்றுக்கு மூச்சுப் பயிற்சியில் மருந்தில்லை. நாளைக்கு அரிசி இல்லை என்று அஞ்சுவோரிடம் அச்சத்தை மாத்திரம் நீக்க முயலும் சிகிச்சை, புலியை விட்டு நடுக்கத்தை வைவது போலும். ஆகவே சமுர்த்தி, பின்னர் வந்த அஸ்வெசும முதலிய உதவிகளை நாடும் வழியைக் காட்டுதலும் சுகாதார ஊழியரின் பணியே எனக் கொள்ளல் வேண்டும்.

வள்ளுவர் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என நாற்கூறாக வகுத்தமை யாவரும் அறிவர். ஒருங்கிணைந்த சிகிச்சை பற்றிப் பேசுவோர் மூன்றாங் கூறாகிய மருந்தையே பெருக்குகின்றனர். இக்கரையிலே பெரிதும் குறைந்து நிற்பதோ நான்காங் கூறு. வீட்டுப்படி ஏறி, நோயாளரின் மொழியிலே வினவி, அவர் உண்பன யாவற்றையும் குறித்து, வைத்தியருக்கும் பரிகாரியாருக்கும் அறிவித்து, அடுத்த கிழமையும் வந்து பார்க்கும் ஒருவரே பலவற்றையும் உண்மையாக இணைப்பவர். அத்தகையோரைப் பயிற்றி, தமிழும் சிங்களமும் கைவரச்செய்து, ஒவ்வொரு கிராமத்துக்கும் அனுப்புதலே முதற்கண் செய்யத்தக்கது என்பது எமது துணிபு. மருத்துவமும் தாதியமும் கற்கப் புகும் நம் மாணவர் இதனை உளங்கொள்வாராக.