ஒத்திகை காட்டாத பழுதுகள்

மென்பொருள்களை நிறுவவும் புதுப்பிக்கவும் உதவும் ‘ஆப்ட்-கெட்’ கட்டளையோடு ‘சிமுலேட்’ சேர்த்து ஒத்திகை பார்த்துவிட்டால் பயமின்றி அப்டேட் செய்யலாம் என்ற வாதம் லினக்ஸ் பழகுவோரிடையே ஊறிப்போயிருக்கிறது. 2011 முதல் தமிழக அரசு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு, டெபியன் வழிவந்த பாஸ் லினக்ஸும் இருந்தது. தேனி மாவட்டத்தின் கம்பம், போடி, சின்னமனூர் மாணவர்கள் பலருக்கு லினக்ஸ் அறிமுகமானது அப்படித்தான். அவர்களுக்கும் இந்த வாதமே முதல் பாடமாகிறது. ஒத்திகையால் பயன் இல்லாமல் இல்லை. எந்தப் பேக்கேஜ்கள் வரும், எவை நீங்கும் என்பதை ரூட் அனுமதி கேட்காமலே அது காட்டுகிறது. 2021இல் பாப் ஓஎஸ் லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியை நிறுவப்போன யூடியூபர் ஒருவர் டெஸ்க்டாப்பையே இழந்தார். நீங்கவிருந்தவற்றின் பட்டியலை நின்று படித்திருந்தால் அது நேர்ந்திருக்காது.

ஒத்திகையின் பார்வை அந்தப் பட்டியலோடு முடிந்துவிடுகிறது. அது எந்தக் கோப்பையும் இறக்குவதில்லை, பிரிப்பதில்லை. நிறுவலுக்கு முன்னும் பின்னும் ஓடவேண்டிய ஸ்கிரிப்டுகளை ஓட்டுவதில்லை. ஆனால் அப்டேட் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான்: ‘பூட்’ பகுதியில் இடம் போதாமல் கர்னல் பாதியில் நிற்கும், இரண்டு பேக்கேஜ்கள் ஒரே கோப்புக்கு உரிமை கேட்டு மோதும், பதிவிறக்கத்தின் நடுவே இணைப்பு அறுந்துபோகும். 2020 ஜூலையில், கணினியைத் தொடங்கிவைக்கும் ‘கிரப்’ மென்பொருளில் இருந்த ‘பூட்ஹோல்’ ஓட்டையை அடைக்க வந்த அப்டேட்டைப் போட்ட ரெட் ஹேட் கணினிகள் பல, மறுபடி பூட் ஆகவே இல்லை. எந்தச் சார்புப் பட்டியலிலும் அந்தப் பழுது தெரிந்திருக்காது. இரண்டு இயங்குதளங்களைக் கிரப் வழியாகத் திறக்கும் மடிக்கணினியில் கிரப் கெட்டால், லினக்ஸோடு விண்டோஸுக்குள் போகும் வழியும் அடைபடும். பேக்கேஜ் தரவுத்தளத்தைப் பூட்டாமல் ஓடுவதால் ஒத்திகையின் முடிவை நம்பியிருக்க வேண்டாம் என்று ஆப்ட்-கெட்டே திரையில் எச்சரிக்கிறது. கருவி அடக்கமாகத்தான் பேசுகிறது. அதற்காக வாதாடுவோர்தான் இல்லாத உறுதியை அதன் தலையில் ஏற்றுகிறார்கள்.

பட்டியலுக்கு மேல் எதையும் ஒத்திகையிடம் எதிர்பார்க்கவில்லை என்பார்கள். அப்படியானால் ‘பயமின்றி’ என்ற சொல்லை விட்டுவிடட்டும். சோதிக்கத் தனிக் கணினிக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. சிறு ஊர்ப் பள்ளியில் அது பெருஞ்செலவு. ஆனால் ஆய்வகத்தில் இருக்கும் கணினிகளிலேயே ஒன்றில் மட்டும் முதலில் அப்டேட் செய்து, மறுதொடக்கம் செய்து, பிரிண்டரும் வைஃபையும் வேலை செய்கின்றனவா என்று பார்க்கப் பணம் தேவையில்லை. வீட்டில் ஒரே மடிக்கணினி வைத்திருப்பவர் கோப்புகளைப் பென்டிரைவில் நகலெடுத்து, பூட் ஆகும் இன்னொரு பென்டிரைவையும் தயாராக வைத்துக்கொள்ளட்டும். தேனி மாவட்டத்தில் கணினி சொல்லித்தரும் ஆசிரியர்கள் ஒத்திகைக் கட்டளைக்கு முன்பாக இவற்றைக் கற்பிக்க வேண்டும்.