வாசலோரத்து நித்தியகல்யாணி

செஞ்சியை அடுத்த சிங்கவரத்துக்குப் போகிறவர்கள், பாறையிலேயே செதுக்கிய 24 அடி நீளப் பள்ளிகொண்ட அரங்கநாதரைச் சேவிக்கப் போகிறார்கள். சேவித்துவிட்டுப் படியிறங்கி ஊருக்குள் வரும்போது, ஏதாவதொரு வாசலோரத்தில் முழங்கால் உயரத்துக்கு நிற்கும் நித்தியகல்யாணியையும் சற்றுக் குனிந்து பாருங்கள். நுணுக்கமான வேலைப்பாடு அங்கேயும் இருக்கிறது.

மொட்டிலிருந்தே தொடங்கலாம். ஐந்து இதழ்களும் ஒன்றையொன்று தழுவி, ஒரே பக்கமாக முறுக்கிக்கொண்டு, மடக்கிய குடைபோல ஒல்லியாக நிற்கின்றன. மலர்ந்த பின்னும் அந்த முறுக்கின் சாயல் போவதில்லை. ஒவ்வோர் இதழும் ஒரு பக்கம் சற்றே அகன்று சாய்ந்திருப்பதால், காற்றே இல்லாத நடுப்பகலிலும் பூ மெல்லச் சுழல்வதாகக் கண்ணுக்குத் தோன்றும். இதழ் நுனியில் ஒரு சின்னக் கூர் இருக்கும். விரல் வைத்தால்தான் தெரியும். என்ன அழகான முடிப்பு!

பிறகு அந்த நடுக்கண். வெள்ளை இதழ்களுக்கு நடுவே செக்கச்சிவந்த வட்டம். ரோஜா நிறப் பூவென்றால் இன்னும் அடர்ந்த சிவப்பு. அந்த வட்டத்தின் மையத்தில் ஊசிமுனை அளவே வாசல். மகரந்தம் அதற்குள் ஒளிந்திருக்க, தேனோ ஏறக்குறைய ஓர் அங்குலக் குழலின் அடியில். நீண்ட உறிஞ்சுகுழல் படைத்த வண்ணத்துப்பூச்சிக்கும் அந்துப்பூச்சிக்குமே அந்த விருந்து. இத்தனை சின்னப் பூவுக்குள் இத்தனை அடக்கம்!

இலையும் குறைந்ததல்ல. எண்ணெய் தடவியது போன்ற கரும்பச்சை, நடுவே வெளிறிய ஒற்றைக் கோடு, இரண்டிரண்டாக எதிரெதிர் அடுக்கு. தண்டைக் கவனித்தால் ஒரு ரகசியமும் கிடைக்கும்: செந்நிறம் ஓடிய தண்டு பெரும்பாலும் ரோஜா நிறத்தில் பூக்கும், பச்சைத் தண்டு வெள்ளையாக.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் குன்றுகள் அனல் கக்கும் செஞ்சிச் சித்திரையில் இந்த மென்மை எப்படிப் பிழைக்கிறது? உச்சிவெயிலில் இலையை லேசாக மடக்கிக்கொள்ளும்; பொழுது சாய்ந்தால் விரித்துவிடும். ஆடு வாய் வைக்காது. வேரில் தண்ணீர் தேங்குவது ஒன்றுதான் ஆகாது. சித்திரையோ ஆடியோ மார்கழியோ, பூவில்லாத நாளைப் பார்ப்பது அரிது.

ஆடு ஒதுக்கும் அந்தக் கசப்பிலேதான் மருந்தும் இருக்கிறது. மடகாஸ்கரிலிருந்து உலகெங்கும் பரவிய இந்தச் செடியிலிருந்தே வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்துகள் கிடைத்தன. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு வின்கிரிஸ்டின் இன்றும் உயிர்காக்கும் மருந்து. மருத்துவர் கையில் மட்டுமே அது மருந்து; வீட்டில் இலையை மென்று பார்ப்பது ஆபத்து.

பூ உதிர்ந்த இடத்தில் ஒல்லியான இரட்டைக் காய்கள் நிமிர்கின்றன. பழுத்து மஞ்சளானதும் வெடித்து, கடுகுபோலச் சின்னஞ்சிறு கறுப்பு விதைகளைச் சிந்தும். எறும்புகள் அவற்றை இழுத்துப் போவதால்தான் படிக்கல் இடுக்கிலும் மதில் வெடிப்பிலும் யாரும் நடாத கன்றுகள் தலைகாட்டுகின்றன.

வெடிக்கும் முன் நாலு காய்களைப் பறித்து வையுங்கள். வாசலோரம் முழத்துக்கொரு குழியில், வெளிச்சம் படாதபடி மெல்ல மண் மூடி விதையுங்கள். கன்று சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளை அடர்ந்து வரப்புக் கட்டிவிடும். உரமும் பந்தலும் வேண்டாம். ஆண்டு முழுவதும் வாசல் பூத்திருக்கும்.