கையேந்தும் பாட்டும் கேளாத பாட்டும்

நாகூர் ஈ. எம். ஹனிபா 1925இல் பிறந்து, 2015 ஏப்ரல் 8 அன்று சென்னையில் மறைந்தார். அவர் பாடிய 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்னும் பாடலைப் போல் மதவேலிகளைத் தாண்டிச் சென்ற பாடல் அண்மைக் காலத் தமிழில் அரிது எனலாம். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் இந்துக் குடும்பங்களும் கிறிஸ்தவக் குடும்பங்களும் அதனைத் தம் பாடல்களுள் ஒன்றாகவே கேட்டு வருகின்றன. "இது எல்லா மதத்தாருக்கும் பொதுவான பாட்டு" என்பதே அவர்கள் அதற்கு அளிக்கும் பாராட்டு. பாராட்டு உண்மையே, ஆயினும் அது பாடலைப் பாதியளவே கேட்டோரின் பாராட்டு என்று கருதுகிறேன்.

'இறைவன்' என்னும் சொல் பொதுவானது என்பதில் ஐயமில்லை. 'கையேந்துதல்' அத்தகையதன்று. இந்து வழிபாட்டில் கைகள் குவிகின்றன. நம் ஆலயங்களிலும் பெரும்பாலும் அவ்வாறே. இசுலாமியர் துஆ செய்யும்போதோ இரு உள்ளங்கைகளும் மேல்நோக்கி விரிகின்றன. தமிழ் வழக்கில் அந்த விரிந்த கை இரப்போன் கை; மானமுள்ளவன் பிறர்முன் நீட்டக் கூசும் கை. அந்த நாணத்தை இப்பாடல் மறைக்கவில்லை. மனிதர் முன் இழிவாகும் செயல் இறைவன் முன் மட்டும் இழிவாகாது என்பதே அதன் உட்கிடை. ஆகவே, இது தன் மதத்தைத் துறந்ததனால் பொதுவான பாடலன்று. ஒரு குறிப்பிட்ட தொழுகையின் உடல்நிலையைத் தமிழ்ச் சொல்லொன்றின் பழைய வலியோடு பிணைத்ததனால் ஆற்றல் பெற்ற பாடல். திராவிட இயக்க மேடைகளில் கொள்கைப் பாடல்கள் பாடிய அதே உரத்த குரல், சொல்லை முன்னிறுத்தி இசையைப் பின்னிறுத்தும் அக்குரல், இங்கே இரக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது.

இன்று 'சூஃபி இசை' என்றவுடன் சென்னை இளைஞர் நினைவுக்கு வருவது வடநாட்டுக் கவ்வாலியே. ஏ. ஆர். ரகுமான் 2008இல் 'ஜோதா அக்பர்' திரைப்படத்திற்காக அமைத்த அஜ்மீர் குவாஜா பாடல் தியாகராயநகர்க் கடைகள் வரை ஒலித்தது. நல்ல பாடல்தான். ஆனால் அஜ்மீரை அறிந்த இந்நகரம் தன் வடகோடியை அறிந்திருக்கிறதா? குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) இராயபுரத்தில் துறவியாய் வாழ்ந்து அங்கேயே அடக்கமானவர். தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியிலிருந்து வந்த அவரை மக்கள் 'தொண்டியார்' என்றழைத்ததாலேயே தண்டையார்பேட்டைக்கு அப்பெயர் வந்தது என்று வழிவழியாகச் சொல்லுவர்.

அவர் முகியித்தீன் சதகமும் பாடினார். அகத்தீசர் சதகமும் பாடினார். தாயுமானவரின் பராபரக்கண்ணியைக் கேட்டு வளர்ந்த செவியினர் என்பதற்கு, அதே பெயரில், அதே விளியில் முடியும் கண்ணிகளை அவர் இயற்றியிருப்பதே சான்று. இதனை வெறும் 'செல்வாக்கு' என்று கூறி முடித்துவிடலாகாது. அவருடைய மனோன்மணிக் கண்ணியைப் பாருங்கள். தமிழ்ப் பக்தி மரபில் ஆன்மா நாயகி, இறைவன் நாயகன். உன்னதப்பாட்டிற்குத் திருச்சபை கண்ட பொருளிலும் மணவாட்டி நாமே. குணங்குடியாரோ மெய்ப்பொருளை மனோன்மணி என்னும் பெண்ணாக விளித்து, தம்மை அவளுக்காக ஏங்கும் ஆடவராக்குகிறார். சித்தர் மரபின் சொல்லை எடுத்துப் பாரசீகச் சூஃபியரின் காதலைத் தமிழில் பேசவைத்த துணிவு இது. திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் என்னும் சைவப் புலவர் இவர்மீது நான்மணிமாலை பாடினார். தமிழ்க் கண்ணி இசுலாத்திற்குள் சென்று, வேறொன்றாகித் திரும்பி வந்தது என்பதே பொருந்தும்.

இத்தகைய பாடல் இசுலாத்திற்குள்ளேயே எதிர்ப்பின்றி இருந்ததில்லை. இசை வழிபாட்டிற்கு உகந்ததா என்னும் வினாவுக்கு 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலியே தனிப்பகுதி ஒதுக்கி விடைகூற வேண்டியிருந்தது. தர்கா வழிபாட்டை ஏற்காத சீர்திருத்தக் குழுவினர் இன்று தமிழகத்தில் அதே வினாவை எழுப்புகின்றனர். 1520களில் சூரிக் நகரில் சுவிங்கிலி வழிபாட்டிலிருந்து இசையை நீக்கியதை அறிந்த நாம் இதனைப் புறத்தார் சண்டை என்று ஒதுக்குவதற்கில்லை.

மயிலாப்பூர்ச் சபாக்களின் வினா வேறு. நாகசுர மேதை ஷேக் சின்ன மௌலானாவுக்கு 1998ஆம் ஆண்டின் சங்கீத கலாநிதி விருதை மியூசிக் அகாதெமி வழங்கியது, அது பெருமைக்குரியது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் கீர்த்தனைகளும் கச்சேரிகளில் பாடப்படுகின்றன. ஆனால் நாகசுரத்தில் சொல் இல்லை. வேதநாயகரின் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' (1878) எம்மதப் பெயரையும் முன்னிறுத்தாதது. பெயர் வரும் இடத்தில்தான் இடர் தொடங்குகிறது. 2018 ஆகஸ்டில் இயேசுவைப் பற்றிய பாடல்களைக் கருநாடக இசையில் பாட முற்பட்டவர்களுக்கு மிரட்டல்கள் வந்தன. அறிவிக்கப்பட்ட நிகழ்ச்சியொன்று கைவிடப்பட்டது. அப்போது டி. எம். கிருஷ்ணா, மாதந்தோறும் இயேசுவையோ அல்லாவையோ பற்றிய பாடலொன்றை வெளியிடுவேன் என்று அறிவித்தார். அவ்வறிவிப்பைச் சிலர் வீம்பு என்றனர். நான் அதனைச் சரியான இடத்தில் வைக்கப்பட்ட விரல் என்பேன். பெயரை நீக்கிய பின் வரவேற்பது எளிய சமரசம். அயலார் தம் இறைவனை அவர்தம் பெயரால் அழைக்கும்போதும் அமர்ந்து கேட்பதே அரியது.

குணங்குடியாரைக் கச்சேரியில் பாடுவதற்குத் தடையாக ஒன்றைச் சொல்வதுண்டு. கண்ணி என்பது ஈரடிப் பாட்டு. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கட்டு அதற்கு இல்லை. நாகூரில் பக்கீர்கள் தாயிரா கொட்டிப் பாடும் பாடல்களின் அமைதியும் சபாவிற்குப் புதிது. ஆனால் கச்சேரியின் பிற்பகுதியில் தாளமின்றி, இராகம் மாற்றி மாற்றி விருத்தம் பாடும் வழக்கம் இருக்கிறதே! தாயுமானவர் பாடல்கள் அங்கேதான் இடம்பெறுகின்றன. அதே இடத்தில், அதே பராபரக்கண்ணி வடிவில், குணங்குடியாரின் நான்கு கண்ணிகளைப் பாடுவதற்குப் புதிய இலக்கணம் எதுவும் தேவையில்லை.