அரமும் அச்சும்

பழைய ரிவால்வர்களின் ரசிகர்கள் தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டுதான் பேச்சையே தொடங்குகிறார்கள். அரத்தால் ராவிக் கையால் பொருத்தியது உயர்ந்தது. அச்சில் வார்த்ததும் கணினி கடைந்ததும் மட்டம். இதற்கு அவர்கள் கூண்டில் ஏற்றும் முதல் சாட்சி கோல்ட் பைத்தான். 1955-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரத் தொழிற்சாலையிலிருந்து வந்த .357 மேக்னம் ரிவால்வர். சாட்சி பலமானதுதான். குறுக்கு விசாரணையையும் அதனிடமே தொடங்கலாம்.

பைத்தானின் புகழ் பெற்ற நீல மெருகைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நீலம் ஏற்றுவது ஒரு வேதிப் பூச்சு. அடியில் இருக்கும் கீறல் எதையும் அது மறைக்காது. எனவே அதற்கு முன்பே எஃகைப் படிப்படியாக நுண்ணிய சக்கரங்களில் பிடித்துக் கண்ணாடியாக்கிவிட வேண்டும். சக்கரத்தில் ஒரு நொடி அதிகம் அழுத்தினால் திருகுத் துளையின் விளிம்பு வழிந்து குழி விழும், பொறித்த எழுத்து மங்கும், தட்டையான பக்கம் அலையடிக்கும். நல்ல பைத்தானில் இவை எதுவும் இருக்காது. விளிம்புகள் கூராகவே நிற்கும். இந்த வேலைக்கு இன்றைய தொழிற்சாலையில் மாற்று இல்லை என்று ரசிகர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. இயந்திரத்தால் முடியாது என்பதல்ல காரணம். அத்தனை மணிநேரக் கூலியைக் கணக்கில் ஏற்றப் பெரும்பாலான நிறுவனங்கள் தயாராக இல்லை.

உள்ளே போனால் கதை சிக்கலாகிறது. விசையை இழுக்கும்போது ஒரு சிறு நெம்பு, சிலிண்டரின் பின்புறப் பற்களைத் தள்ளி அதைச் சுழற்றுகிறது. பழைய பைத்தானில் சிலிண்டர் தன் இடத்துக்கு வந்த பிறகும் அந்த நெம்பு தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே சுடும் கணத்தில் சிலிண்டர் இம்மியும் ஆடாது. விசையின் வழுவழுப்பும் இந்த இறுக்கமும்தான் அதன் பெயரைக் காத்தவை. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த அழுத்தம் நெம்பின் நுனியில் விழுகிறது. தேயத் தேய, சுத்தியல் விழும் நேரத்துக்குள் சிலிண்டர் நேருக்கு வந்து சேராது. கடையில் புது உறுப்பு வாங்கி மாட்டினால் போதாது. அந்த ஒரு துப்பாக்கிக்கென்று ராவிச் சேர்க்கத் தெரிந்த ஃபிட்டர் வேண்டும். அவர்களோ அருகிவிட்டார்கள். கையின் பெருமை என்று கொண்டாடப்படுவது, பழுது பார்க்கும் நாளில் கையை விட்டால் கதியில்லை என்ற நிலையாக மாறுகிறது.

2020-இல் கோல்ட் நிறுவனம் பைத்தானை மீண்டும் கொண்டுவந்தது. துருப்பிடிக்கா எஃகு, குறைந்த உறுப்புகளோடு மாற்றி வரைந்த உள்வேலை. முதலில் வெளிவந்தவற்றில் சிலவற்றின் சிலிண்டர் சரியாகச் சுழலவில்லை என்று புகார்கள் வந்தன. ரசிகர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. வடிவமைப்பின் குற்றமா, சோதனையின் குற்றமா என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை அவர்களிடம் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1851-இல் லண்டன் பொருட்காட்சியில் சாமுவேல் கோல்ட் தன் ரிவால்வர்களைப் பரப்பி வைத்தபோது அவர் விற்றது கைத்திறனை அல்ல, இயந்திரத்தை. கையால் பொருத்தும் மரபு அன்று இங்கிலாந்தின் ராபர்ட் ஆடம்ஸ் போன்ற துப்பாக்கி வினைஞர்கள் பக்கம் இருந்தது. இன்று மரபு என்று போற்றப்படும் பெயர், அன்று மரபைக் குலைக்க வந்த பெயர். அப்படியும் கோல்ட்டின் தொழிற்சாலையில் அரம் ஓயவில்லை. அக்கால இயந்திரங்களால் அளவைத் துல்லியமாகப் பிடிக்க முடியவில்லை. மிச்சத்தை அரம் சரிசெய்தது. ஒரு துப்பாக்கியின் உறுப்பு இன்னொன்றோடு கலந்துவிடாமலிருக்க வரிசை எண்ணைப் பல உறுப்புகளிலும் பொறித்தார்கள். அரம் அங்கே அலங்காரத்துக்கு வந்ததல்ல, இயந்திரத்தின் போதாமைக்குக் கொடுத்த விலை.

அச்சு மீதான குற்றச்சாட்டையும் எடைபோட வேண்டும். அமெரிக்காவின் இன்னொரு ரிவால்வர் நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1990-களில் சுத்தியல், விசை போன்ற சிறு உறுப்புகளை உலோகத் தூள் வார்ப்புக்கு மாற்றியது. நுண்ணிய எஃகுத் தூளைப் பிசினோடு பிசைந்து அச்சில் செலுத்தி, பிசினை நீக்கி, உருகாத அளவுச் சூட்டில் இறுக்குவார்கள். உறுப்பு சுருங்கி அடர்ந்து வெளியே வரும். செய்முறை பிசகினால் உள்ளே வெற்றிடம் தங்கும், கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் முறையாகச் செய்தால் அந்த இடத்துக்கு வேண்டிய வலிமை கிடைக்கிறது, ஆயிரமாவதும் முதலாவதைப் போலவே இருக்கிறது. தோற்றம் மட்டும் சப்பை, ஒப்புக்கொள்கிறேன். ரூகர் நிறுவனத்தை ‘வார்ப்பு’ என்று ஏளனம் செய்வது இன்னும் விசித்திரம். அது கையாளும் மெழுகு வார்ப்பின் அடிப்படை, சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் செப்புத் திருமேனி செய்யும் அதே முறை. பழமைதான் அளவுகோல் என்றால் அதற்கு முதல் மரியாதை தர வேண்டும்.

2001-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பக்கவாட்டில் துளைத்த பூட்டுச் சாவித் துளையும் இந்தப் புகார்ப் பட்டியலில் சேர்ந்துகொள்கிறது. அசிங்கம்தான். ஆனால் அது நிர்வாகம் எடுத்த முடிவு. உற்பத்தி முறையோடு அதற்குத் தொடர்பில்லை.

வலிமையில் பழையது தோற்ற இடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1955-இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 19-இல், குழலின் பின்வாயில் அடிப்பக்கத்தைத் தட்டையாகச் செதுக்கியிருந்தார்கள். இலேசான, வேகமான மேக்னம் குண்டுகள் தொடர்ந்து சுடப்பட்டபோது மெலிந்த அந்த இடத்தில்தான் விரிசல் கண்டது. எவ்வளவு நல்ல ஃபிட்டரும் இல்லாத இரும்பை ராவிக் கொண்டுவர முடியாது. 2018-இல் திரும்பி வந்த மாடல் 19-இல் அந்தச் செதுக்கல் இல்லை. ரசிகர்களோ அதன் குழல் இரண்டு துண்டுகளால் ஆனது என்று முகம் சுளிக்கிறார்கள்.

ரசிகர்களின் வாதத்தில் பெரிய ஓட்டை, எதை எதோடு ஒப்பிடுகிறார்கள் என்பது. 1935-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ‘ரெஜிஸ்டர்டு மேக்னம்’ ஒவ்வொன்றும் வாங்குபவர் கேட்டபடி செய்யப்பட்டு, பதிவுச் சான்றோடு வந்தது. விலை 60 டாலர். பொருளாதார மந்தக் காலத்தில் அது சாதாரணத் தொகை அல்ல. அதை எடுத்து இன்றைய நடுத்தர விலை ரிவால்வரின் பக்கத்தில் வைப்பது நியாயமான தராசு ஆகாது. 1965-இல் அதே நிறுவனம் பாங்கோர் புன்டா என்ற நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு, உலோகத் தூள் வார்ப்பு வருவதற்கு வெகு முன்பே, தரம் சரிந்தது என்ற புகாரைப் பழைய ரசிகர்களே சொல்கிறார்கள். கைகள் இருந்தன, அரங்கள் இருந்தன. சோதித்துத் திருப்பி அனுப்பும் கண்டிப்புதான் தளர்ந்தது.

ஆகவே என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. மெருகிலும் விளிம்பிலும் பழைய பைத்தானுக்கு ஈடில்லை; அதற்காக விலை கொடுப்பவர் அதை அழகுக்கான விலை என்று சொல்லிக் கொடுக்கட்டும். சுடுவதற்கும் தாங்குவதற்கும் பழுது பார்ப்பதற்கும் புதியதே மேல். இரண்டும் ஒரே துப்பாக்கியில் வேண்டுமென்பவருக்குப் பிரான்சின் மனுரின் எம்ஆர்73 இருக்கிறது. ஜென்டார்மரி என்னும் அந்நாட்டு ஆயுதக் காவல்படையின் சிறப்புப் பிரிவு கையாண்டது. குழலை இயந்திரச் சம்மட்டி அடிக்கிறது, பொருத்துவதை மனிதர் செய்கிறார். விலையைக் கேட்டதும் பலரும் மறுபடி அமெரிக்காவைத் திட்டப் போய்விடுகிறார்கள்.